கிடைக்கு வந்த மாமனார்

என் அண்ணன் யோக்வேக்குப் பெண் பேசியது எதிரே இருந்த தீவுக் கிடையில். நடுவில் ஆற்றின் ஒரு கிளைதான் ஓடுகிறது. கோடையில் தண்ணீர் இறங்கிவிட்டால் அக்கரையில் ஒருவர் இருமுவதுகூட எங்களுக்குக் கேட்கும். பெண்ணின் பெயர் யேனோ. வாயாடி, நல்ல வேலைக்காரி. அவள் சிரித்தால் நாணலில் ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கெல்லாம் பறந்துவிடும். அவளிடம் குறை சொல்ல எங்களுக்கு ஒன்றும் இல்லை. அவளுடைய அப்பா லோகுலேதான் எங்களைக் கதிகலங்க வைத்தவர்.

பரிசத்துக்கு மாடு பார்க்க அவர் வந்த அன்று எங்கள் கிடையே மூச்சடக்கி நின்றது. கையில் கம்போடு, மாடு கட்டியிருந்த முளை முளையாகப் பார்த்து நடந்தார். கொம்பைத் தடவினார், மடியைத் தொட்டார், சாணியைக்கூடக் குனிந்து பார்த்தார். பேசிய மாடுகளை எல்லாம் ஒதுக்கிக் கட்டி முடித்த பிறகு, கிளம்பப் போனவர் திரும்பி நின்றார். ஈ அண்டாமலிருக்க நான் சாம்பல் பூசிவிட்டுக்கொண்டிருந்த பசுவைக் கம்பால் காட்டினார்.

"அந்தச் சாம்பல் நிறத்தவளும் வேணும்."

அவள் பெயர் சாம்பி. நான் கறக்கும் பசு. கொம்பு இரண்டும் மேலே போய் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடப்போவதுபோல் நிற்கும். இரண்டாம் சினை. எங்கள் சித்தப்பா ஜாடாதான் கிடைக்குப் பெரியவர். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன சொல்ல முடியும்? அண்ணனுக்குக் கல்யாணம். தும்பை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, பால் குடுவை கழுவப் போகிறவள்போல ஆற்றுப் பக்கம் போய்விட்டேன்.

மறுநாள் விடியலில், கொசு விரட்டப் போட்ட எருமூட்டத்துப் புகை தரையோடு தரையாகப் படிந்திருந்தது. சாம்பியின் வெறும் முளையைப் பார்க்கப் பிடிக்காமல் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வேறொரு மாட்டைக் கறந்துகொண்டிருந்தேன். பின்னால் யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டார்கள். திரும்பினால் சாம்பி. உடம்பெல்லாம் தண்ணீர் சொட்ட, கொம்பில் பாசி தொங்க, தன் முளையை ஒட்டி நின்று என்னையே பார்த்தாள். கழுத்தில் அறுந்த தும்பு.

பக்கத்து மூட்டத்தைக் கிளறிக்கொண்டிருந்த கெஜி அக்கா எழுந்து வந்து பார்த்தாள். வாய் என்றால் கெஜி அக்காவின் வாய்தான்.

"பொண்ணு இன்னும் இந்தக் கரைக்கே வரல, அதுக்குள்ள பரிசம் திரும்பி வந்துடுச்சா? யோக்வே, உன் ராசியே ராசிடா."

யோக்வே தலையில் அடித்துக்கொண்டான். சாம்பியை ஆற்றில் இறக்கி, அவள் வாலைப் பிடித்தபடி நீந்திப் போய் ஒப்படைத்துவிட்டு வந்தான். எங்களில் கல்யாணம் பேசிய மாப்பிள்ளை மாமனார் எதிரே போய் நிற்கக்கூடாது. அவர் கண்ணெதிரே ஒரு வாய் தின்னவும் கூடாது, குடிக்கவும் கூடாது. அதனால் லோகுலே குடிசைக்குள்ளிருந்தபடி யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாராம். "மாட்டைக் கொடுத்தா கொடுத்ததா இருக்கணும். நாய் மாதிரி பழக்கி வச்சிருக்காங்க போல."

அவ்வளவுதான் என்று நினைத்தோம். அடுத்த முறை சாம்பி தனியாக வரவில்லை. லோகுலேயின் சொந்தக் கிடாரிகள் இரண்டைக் கூட அழைத்து வந்துவிட்டாள். மூன்றும் வரிசையாகக் கரையேறி, சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர்கள்போல் எங்கள் மூட்டத்துப் புகையில் போய் நின்றன. அக்கரையில் லோகுலே இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஜாடா, இது என்னய்யா கதை? கொடுத்ததைத் திருப்பிக் கூப்பிடுறது போதாதுன்னு என் மாட்டையும் சேத்தா கூப்பிடுவீங்க?"

சித்தப்பா இந்தக் கரையிலிருந்து பதில் சொன்னார். "யாரும் கூப்பிடல சம்பந்தி. சினை மாடு. தலைக்கன்னு போட்ட இடத்தைத் தேடி வருது. உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியும். ஈத்துக்கு இன்னும் நாள் கிடக்கு. இதுல ஏதோ வேலை நடக்குது."

"என்ன வேலை?"

"அதைத்தான் கண்டுபிடிக்கப்போறேன்."

கண்டுபிடிக்க அவரே வந்தார். மூன்றையும் திருப்பி அனுப்பிய பிறகு மறுபடியும் சாம்பி தும்பை அறுத்துக்கொண்டு ஆற்றில் இறங்கியபோது அவர் தடுக்கவில்லை. நல்ல வெயில் நேரம். முன்னால் சாம்பியின் கொம்பும் மூக்கும் மட்டும் தண்ணீருக்கு மேல் வர, பின்னால் ஒரு தோணி வந்தது. தோணியின் நடுவில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் லோகுலே உட்கார்ந்திருந்தார். மடியில் சுருட்டி வைத்த படுக்கைத் தோல், தோளில் புகைக்குழாய்ப் பை. தோணி தள்ளியவன் பாதி தூரம் வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "மாமா, எழுந்தா கவுந்துடும், அசையாம இருங்க" என்று கெஞ்சிக்கொண்டே வந்தான்.

இறங்கியதும் நாற்காலியைத் தூக்கிவந்து சாம்பியின் முளைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"யாரு இவளைக் கூப்பிடுறாங்கன்னு பாக்காம நான் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன்."

சித்தப்பா பணிவாகக் கேட்டார். "எத்தனை நாள் தங்குறீங்க சம்பந்தி?"

"அதை மாட்டைக் கேளு."

அந்த நேரம் யோக்வே ஒரு பெரிய சுரைக்குடுவையை வாயில் கவிழ்த்துப் பால் குடித்துக்கொண்டிருந்தான். மாமனார் குரல் கேட்டதும் வாயிலிருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னம் உப்ப, மாடுகளுக்கு நடுவே குனிந்து ஓடிக் கறையான் புற்றுக்குப் பின்னால் மறைந்தான். என் அண்ணன் மல்யுத்தத்தில் எந்தக் கிடைக்காரனையும் முதுகு மண்ணில் படத் தூக்கிப் போடுகிறவன். முதலை கிடக்கிற துறையில் முதலில் இறங்குகிறவன். அவன் அப்படி ஓடியதைப் பார்த்து நானும் கெஜி அக்காவும் எருக் குவியல் மேல் விழுந்து சிரித்தோம்.

சிரிப்பு அன்றோடு சரி என்றுதான் நினைத்தோம். லோகுலே போகவில்லை. விடியலில் முதலில் எழுகிறவர் அவர்தான். ஆறின மூட்டத்திலிருந்து சாம்பலை அள்ளிச் சலித்து, முகம், மார்பு, கை எல்லாம் பூசிக்கொண்டு, யார் மாடு என்று பார்க்காமல் பக்கத்தில் இருக்கிற மாட்டுக்கெல்லாம் தேய்த்துவிடுவார். அவர் கை பட்டால் மாடு கண்ணை மூடிக்கொள்ளும். "இந்த எரு ஈரம். இதைப் போட்டா புகை வராது, கொசுதான் வரும்" என்று எங்கள் மூட்டத்தைக் கலைத்து மறுபடி அடுக்குவார். சாயங்காலம் முரசு கொட்டி மாடுகள் திரும்பும்போது நாற்காலி மேல் ஏறி நின்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி விசாரிப்பார். எங்கள் மாடுகளின் பெயர்கள் எங்கள் சித்தப்பாவைவிட அவருக்குச் சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிட்டன.

கண்டுபிடிக்க வந்த வேலையையும் விடவில்லை. சந்தேகம் என் மேல்.

"ஏம்மா, நீ கறக்கறப்ப என்னமோ பாடுறியே, அதைப் பாடு."

பாடினேன்.

"இப்ப அந்தப் புத்துக்கிட்ட போய்ப் பாடு."

போனேன். அங்கே யோக்வே ஒளிந்திருந்தான். "அந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் போ" என்று வாயசைத்துக் கையால் விரட்டினான். அவன் மேல் கால் படாமல் நின்று பாடினேன். சாம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அசைபோட்டுக்கொண்டே காதை ஆட்டி ஈ ஓட்டினாள்.

"இப்ப ஆத்துக்குள்ள இறங்கிப் பாடு."

"மாமா, முதலை இருக்கு."

"இடுப்பளவுக்கு வேண்டாம். முழங்கால் போதும்."

முழங்கால் தண்ணீரில் நின்று பாடினேன். அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த யேனோ அதைக் கேட்டு அடுத்த அடியை எடுத்துப் பாடினாள். சாம்பி அப்போதும் அசையவில்லை. லோகுலே புகைக்குழாயை இழுத்து யோசித்தார்.

"பாட்டு இல்ல. வேற ஏதோ இருக்கு."

இதில் பாவம் யோக்வேதான். அவனுடைய கிடையில் அவனுக்கே சாப்பிட இடம் இல்லை. எங்கே போய் உட்கார்ந்தாலும் நாற்காலிக்கு நேராகவே இருந்தது. கிடை வெட்டவெளி, மறைக்க இருப்பதே மாடும் புகையும்தான். விடியுமுன் மந்தையோடு மேய்ச்சலுக்குப் போவான். உச்சி வெயிலில் லோகுலே தோலை விரித்துக் கண் அசரும் நேரம் பார்த்து நாணலுக்குள் வருவான். நான் சோளக் களியும் பாலும் மறைத்து எடுத்துப் போவேன். அவர் தூங்குவதும் ஒழுங்கான தூக்கம் இல்லை. ஒரு கண் சாம்பி மேலேயே இருக்கும். பல நாள் நான் பாதி வழியில் திரும்பிவிட்டேன்.

"உன் மாமனார் உறங்கல."

"எப்பதான் உறங்குவாரு?"

"சாம்பி உறங்கினா உறங்குவாரு."

"இப்படியே போனா கல்யாணத்தன்னைக்கு என்னை ரெண்டு பேர் தூக்கிட்டுதான் வரணும், ஜொகுடு." நாணல் தண்டை உரித்து மென்றான். கோமியத்தில் அலசி அலசி ஆரஞ்சாக்கி வைத்திருந்த தலைமுடி முழுக்க நாணல் பூ ஒட்டியிருந்தது. பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. "அந்தாளை எப்படியாவது வீட்டுக்கு அனுப்பேன்."

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு" என்றேன். நிஜமாகவே எனக்குப் பிடித்துத்தான் போயிருந்தது. அண்ணன் என் மேல் ஒரு பிடி நாணல் பூவை எறிந்தான்.

ஒரு நாள் உச்சி வேளை. ஆண்கள் எல்லாரும் மந்தையோடு தூரத்துப் புல்வெளிக்குப் போயிருந்தார்கள். சித்தப்பா தெரெக்கெக்கா சந்தைக்குப் போயிருந்தார். கிடையில் நானும் கெஜி அக்காவும் கன்றுகளும்தான், அப்புறம் லோகுலே. சாம்பி காலையிலிருந்தே படுப்பதும் எழுவதுமாக இருந்தாள். வாலைத் தூக்கித் தூக்கி வைத்தாள். நாள் கிடக்கிறது என்று சொன்ன லோகுலேதான் முதலில் எழுந்தார்.

"வலி கண்டுடுச்சு."

பனிக்குடம் உடைந்தது. ஒரு குளம்பு தெரிந்தது. அதன் மேல் மூக்கு. அவ்வளவுதான், அதற்கு மேல் வரவில்லை. சாம்பி முக்கினாள், தரையில் கொம்பைத் தேய்த்தாள். இன்னொரு குளம்பு வரவே இல்லை. லோகுலே குனிந்து பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார்.

"ஒரு கால் உள்ள மடங்கிக் கிடக்கு. கையை விட்டு நிமித்தணும். என் தோள் பழைய தோள் இல்ல, முறுக்கினா நின்னுடும். இங்க யாருக்குக் கை வரும்?"

நானும் கெஜி அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் கிடையில் அந்தக் கை யோக்வேயின் கை. மடங்கிய காலோ திரும்பிய தலையோ, அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் அந்த நேரம் நாணலுக்குள் என் களிக்காகக் காத்திருந்தான்.

கெஜி அக்கா தயங்கவில்லை. நாணல் பக்கம் திரும்பிக் கையைக் குவித்து, "யோக்வே, வாடா. மாடு சாகக் கிடக்கு" என்று கத்தினாள்.

நாணல் அசைந்தது. அண்ணன் எழுந்தான், ஒரு அடி வைத்தான், நின்றான். மாமனார் இருந்தார். சாம்பியும் இருந்தாள். அவன் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும்.

லோகுலே அவனைப் பார்த்தாரோ இல்லையோ, சட்டென்று தோளில் முடிச்சுப் போட்டிருந்த துணியை அவிழ்த்தார். தலை, முகம், கழுத்து எல்லாம் மூட இழுத்துப் போர்த்திக்கொண்டார். போர்த்தியபடியே தடவித் தடவிப் போய்ச் சாம்பியின் இரண்டு கொம்பையும் பிடித்து, அவள் கழுத்தோடு தன் நெஞ்சைச் சேர்த்து அழுத்திக்கொண்டார்.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "நான் ஒண்ணும் பாக்கல. என் கண்ணுக்கு வெளிச்சமே தெரியல. ஜொகுடு, அங்க யாராவது வந்தாங்கன்னா, கையில வெண்ணெயைத் தடவிக்கச் சொல்லு."

அண்ணன் ஓடிவந்து மண்டியிட்டான். வெண்ணெய்க் குடுவையிலிருந்து வழித்து முழங்கை வரை தடவிக்கொண்டு கையை உள்ளே விட்டான். மாமனாரும் மருமகனும் நேராகப் பேசிக்கொள்ளவும் கூடாது. நான் நடுவில் நின்றேன்.

"தலையை உள்ள தள்ளச் சொல்லு. முதல்ல இடம் பண்ணணும்."

"அண்ணே, தலையை உள்ள தள்ளு."

"தள்ளிட்டேன்னு சொல்லு."

"தள்ளிட்டானாம் மாமா."

"முட்டி தெரியுதா?"

"முட்டி தெரியுதாண்ணே?"

"முட்டி இருக்கு. குளம்பு அடியில கிடக்கு, எட்டல."

"மாமா, குளம்பு..."

"எனக்குக் காது இருக்கு. துணிதான் போட்டிருக்கேன். குளம்பை உள்ளங்கையில மூடிக்கச் சொல்லு, இல்லன்னா அவளைக் கிழிச்சுடும்."

அண்ணன் கன்னத்தைச் சாம்பியின் பின்தொடையில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு, தோள்வரை உள்ளே இருந்தான். சாம்பி ஒரு முறை உதறினாள். லோகுலேயின் கால்கள் மண்ணில் வழுக்கின. துணிக்குள் கண் தெரியாமல் நாற்காலியில் இடித்து அதைக் கவிழ்த்தார். ஆனால் கொம்பை விடவில்லை. ஏதேதோ பெயர்களைச் சொல்லி அவள் காதுக்குள் பேசிக்கொண்டே இருந்தார். என் சாம்பியை அவர் அத்தனை பெயரில் கூப்பிடுவார் என்று எனக்கு அதுவரை தெரியாது.

"வருது" என்றான் அண்ணன்.

இரண்டாவது குளம்பு வெளியே வந்தது. அப்புறம் அவள் முக்க, அவன் இழுக்க, கன்று மொத்தமாக அவன் மடியில் சரிந்தது. மூச்சு இல்லை. அண்ணன் அதன் வாயில் விரலை விட்டு வழித்தான், ஒரு மூக்கை மூடி மறு மூக்கில் ஊதினான். மறுபடி ஊதினான். நான் சாம்பலை அள்ளி அதன் உடம்பில் தேய்த்தேன்.

"என்னாச்சு?" துணிக்குள்ளிருந்து கேட்டார். அண்ணன் இன்னொரு முறை ஊதினான். "யாராவது சொல்லுங்க, என்னாச்சு?"

கன்று தும்மியது. அண்ணன் முகமெல்லாம் தெறித்தது.

"கிடாரிக் கன்னு, மாமா" என்றேன். "தாய் நிறம்."

துணிக்குள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது.

சாம்பி திரும்பிக் கன்றை நக்க ஆரம்பித்தாள். அண்ணன் அப்படியே மண்ணில் சாய்ந்து உட்கார்ந்தான். எழுந்து ஓட அவனுக்குத் தெம்பு இல்லை. காலையிலிருந்து வெறும் வயிறு. அந்த வயிறு அப்போது பார்த்து ஒரு முறை உறுமியது. நீர்யானை மூச்சு விட்டதுபோல நீளமாக, எல்லாருக்கும் கேட்கும்படி.

கெஜி அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏம்மா ஜொகுடு" என்றார் லோகுலே. "இங்க ஏதோ ஒரு நாய் பசியில கிடக்கு போல."

"ஆமா மாமா."

"எத்தனை நாளாப் பட்டினி?"

"நீங்க வந்ததிலருந்துதான், மாமா."

"எனக்கு யாரும் சொல்லல. நான் எப்படிப் பாக்கிறது? பாக்கக்கூடாதுல்ல?" அவர் தடவிப் போய்க் கவிழ்ந்த நாற்காலியை நிமிர்த்தி, எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். துணியை எடுக்கவில்லை. "என் முதுகுக்குப் பின்னால ஒரு குடுவை பாலும் களியும் வை. நாய் தின்னா தின்னட்டும். நான் ஆத்தைப் பாத்துட்டிருக்கேன்."

"துணியைப் போட்டுக்கிட்டு எப்படி மாமா ஆத்தைப் பாப்பீங்க?" என்றாள் கெஜி அக்கா.

"நீ சும்மா இரு."

அண்ணன் குடித்தான். ஒரு குடுவை, இன்னொன்று, அதற்கு மேல் களி. மூச்சு விடாமல் தின்றான். லோகுலே முதுகைத் திருப்பியபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தோள்கள் மெல்லக் குலுங்கின. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அண்ணனுக்கும் தெரிந்திருக்கும், குடுவைக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டான். தின்று முடித்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, அவர் முதுகைப் பார்த்துத் தலை குனிந்து ஒரு வணக்கம் வைத்தான். பிறகு நாணலுக்குள் போய்விட்டான்.

சாயங்காலம் சந்தையிலிருந்து சித்தப்பா திரும்பினார். லோகுலே அவரை உட்கார வைத்துச் சொன்னார்.

"கன்னுக்குட்டி ஆத்தை நீந்தாது. தாயும் அதை விட்டுட்டு வராது. ரெண்டும் இங்கயே இருக்கட்டும்."

"உங்க மாடு சம்பந்தி, உங்க இஷ்டம். வேற ஒரு பசுவைப் பிடிச்சுக்குங்க."

"வேற வேண்டாம். என் மாடு என் மாடுதான், இங்க நிக்கும், அவ்வளவுதான். ஆனா பால் வீணாப் போகக்கூடாது. என் வீட்டு ஆள் ஒருத்தர் இங்க இருந்து குடிக்கணும்." புகைக்குழாயைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். "மழைக்கு அப்புறம் வச்சுக்கலாம்னுதானே பேசினோம்? பிறை பாத்ததும் பொண்ணை அனுப்பிடுறேன்."

இருட்டுகிற நேரம். கன்றுகளுக்கு நடுவே எங்கோ குனிந்திருந்த அண்ணன் துள்ளி எழுந்து, எதிரே லோகுலே இருப்பது நினைவு வந்து, மறுபடி குனிந்துகொண்டான். லோகுலே வேறு பக்கம் பார்த்தார்.

சொன்னபடி பிறை தெரிந்த வாரம் யேனோ வந்தாள். தோணி நிறையப் பெண்கள், பாட்டு, குலவை. எங்கள் கிடையில் மூன்று நாள் முரசு ஓயவில்லை. அண்ணனும் தீவுக்காரர்களும் சாம்பல் பறக்க மல்யுத்தம் செய்தார்கள். அண்ணன் ஒரு ஆட்டத்தில் தோற்றான். எதிரே இருந்தவன் யேனோவின் தம்பி என்பதால் அண்ணன் வேண்டுமென்றே தோற்றான் என்று ஊரே சொன்னது. அவன் ஒப்புக்கொள்ளவில்லை.

நான்காம் நாள் விடியலில் யேனோ என் பக்கத்தில் வந்து குந்தினாள். "நான் கறக்குறேன், தள்ளு" என்றாள். சாம்பி அவளை ஒரு முறை மோந்து பார்த்தாள். குடுவையை ஒரு உதை விட்டாள். பால் எல்லாம் யேனோவின் மடியில். அவள் திட்டவில்லை. மடியை உதறிவிட்டு மறுபடி குடுவையை இடுக்கிக்கொண்டாள்.

"ஜொகுடு, எங்கப்பா அன்னைக்குத் துணிக்குள்ளருந்து என்ன சொன்னாருன்னு அவரைக் கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு. உங்க அண்ணனும் சொல்ல மாட்டேங்குது. நீ சொல்லு."

நான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பசித்த நாய் பேச்சு வந்ததும் அவள் சிரிக்கத் தொடங்கினாள். கன்றுகள் மிரண்டன, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் புகைக்குள்ளிருந்து தலை நீட்டினார்கள். சாம்பி மட்டும் கால் மாற்றி நின்று பாலை இறக்கினாள்.

"காம்பை விடாத, பிடி" என்றேன்.